சிஸ்டம் ‘அனுமதி இல்லை’ என்றதற்காக உடைக்கப்பட்ட கை

அனுப்புநர்
அல்வாரோ பின்யெய்ரோ,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் செய்தியாளர்,
41, டானரி தெரு, மேல்தளம்,
போர்ட் ஹேவ்லாக், நியூ ஜெர்சி.

பெறுநர்
மாவட்ட அரசு வழக்கறிஞர் அவர்கள்,
ஹேவ்லாக் மாவட்டம்,
போர்ட் ஹேவ்லாக், நியூ ஜெர்சி.

பொருள்: என் மனைவி ஒடெத் பின்யெய்ரோவை இரும்புக் கோலால் தாக்கிய என் தம்பி ரூயி பின்யெய்ரோவுக்குத் தண்டனைக் குறைப்பும் விடுதலையும் அளிக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட வேண்டாம் எனக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அரசு வழக்கறிஞர் அம்மையீர்,

1. நேற்று, மார்ச் 5 செவ்வாய்க்கிழமை, நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் கோப்பை நேரில் பார்த்து உறுதி செய்துகொண்ட செய்தி இது. சிறையில் இருக்கும் என் தம்பி ரூயியை விடுவிக்கக் கோரும் மனுவில், வெளியே வந்தபின் அவன் தங்கப்போகும் இடம் ‘41, டானரி தெரு, கீழ்த்தளம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அது எங்கள் வீடு. அவன் கீழே, நாங்கள் மேலே, நடுவில் ஒரு மாடிப்படி. தவறுதலாக எழுதியிருப்பார்களோ என்று எழுத்தரிடம் கேட்டேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அவங்க குடுத்ததத்தான் சார் வாங்கி வெச்சிருக்கோம். நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

2. அந்த மனுவுடன் ஓர் உடன்பாட்டின் வரைவும் இருக்கிறது. என் மனைவி, தான் வேலை செய்யும் வங்கியின் இரகசியத் தகவலை ரூயியிடம் சொன்னாள் என்று அவளுக்கு எதிராக அவன் சாட்சி சொன்னால், கொடுங்காயத் தாக்குதல் என்ற குற்றச்சாட்டு சாதாரணத் தாக்குதலாகக் குறைக்கப்படும், சிறைத்தண்டனை இராது. தங்கள் உதவி வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைத்து இது உண்மையா என்று கேட்டேன். “முடிவாகல. வெள்ளிக்கிழமை மேடம் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்ல முடியாது” என்றார். மறுக்கவில்லை. அதனால்தான் இந்த மனு.

3. இம்மாவட்ட நீதிமன்றத்தின் செய்தியாளர் பெஞ்சில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். கீழே உள்ளவற்றில் நான் கண்டது எது, கேட்டது எது, பிறர் சொன்னது எது என்று பிரித்தே எழுதியிருக்கிறேன். தாக்குதலுக்குப் பிறகு என் மனைவி சொன்னவை எல்லாம் அவள் இடக்கையால் கைப்பேசியில் தட்டிக் காட்டியவை. வலக்கை இன்னும் மாவுக்கட்டில் இருக்கிறது.

4. வழக்கின் வேர் ஒரு விதியில் இருக்கிறது. ஒடெத் ஜெர்சி சிட்டியில் ஒரு முதலீட்டு வங்கியில் வேலை பார்க்கிறாள். பிறர் வாங்கி விற்ற பங்குகள் உரியவர் கணக்கில் போய்ச் சேர்ந்தனவா என்று சரிபார்க்கும் பிரிவு அது. அத்தகைய வங்கியில் வேலை செய்பவர் தன் சொந்தப் பணத்தில் ஒரு பங்கு வாங்கவோ விற்கவோ நினைத்தால், முதலில் வங்கியின் சிஸ்டத்தில் அனுமதி கேட்க வேண்டும். அவர் மட்டுமல்ல, அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களும் அவர் வழியாகவே கேட்க வேண்டும். சிஸ்டம் ‘சரி’ என்று சொல்லும், அல்லது ‘அனுமதி இல்லை’ என்று சொல்லும். ஏன் இல்லை என்று யாரிடமும் சொல்லாது. காரணம் தெரிந்தவர்கள் வேறு தளத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். ஒடெத்தின் அடையாள அட்டைக்கு அந்தக் கதவு திறக்காது.

5. எங்கள் பெற்றோர் விட்டுச்சென்ற வீடு எனக்கும் ரூயிக்கும் சேர்ந்தே உரியது. மணமுறிவுக்குப் பிறகு அவன் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தான். தெருக்கதவு ஒன்று, தபால்பெட்டி ஒன்று. வங்கி இதை ஒரே குடும்பம் என்று முடிவு செய்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன் அவன். இடைவேளைகளில் கைப்பேசியில் பங்கு வாங்கி விற்பது அவனுக்குப் பழக்கம். அன்றிலிருந்து அதற்கு ஒடெத் வழியாக அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. முதலில் அதைக் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கைகூப்பிக்கொண்டு, “மதர் சுப்பீரியர், இந்தப் பாவி பத்து பங்கு வாங்கிக்கலாமா? மூணு தடவ ஜெபமாலை சொல்லிட்டு வரட்டுமா?” என்பான். ஒடெத்தும் சிரிப்பாள். “சூப்பைக் குடிச்சு முடி, கொழுந்தனாரே. ஆண்டவன் சரின்னுட்டார், சிஸ்டம் என்ன சொல்லுதுன்னு நாளைக்குப் பாக்கலாம்” என்பாள்.

6. சென்ற கோடையில் அந்தச் சிரிப்பு நின்றது. ஒரு ரொட்டி நிறுவனத்தின் பங்கு வேண்டும் என்று கேட்டான். அனுமதி இல்லை என்று வந்தது. சில வாரங்களில் அந்த நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கியது. பங்கு ஒரே காலையில் எகிறியது. அன்று மாலை ரூயி எங்கள் சமையலறையில் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: “அண்ணே, நான் இத்தன நாளா முட்டாளா இருந்திருக்கேன். சரின்னு சொல்றதுல ஒண்ணுமே இல்ல. வேணாங்குதே, அதுதான் சேதி.”

7. அதன்பிறகு அவன் வாங்குவதற்காகக் கேட்கவில்லை, மறுப்புக்காகவே கேட்டான்; வங்கி தடுக்கும் பங்கு விலை ஏறப்போகிறது என்பது அவன் எண்ணம். ஒரே வாரத்தில் நிறுவனப் பெயர்களாக அடுக்கினான். பாதியின் பெயரை அவனுக்கே உச்சரிக்கத் தெரியாது. ஒடெத் இதைப் புரிந்துகொண்டு மேற்கொண்டு பதிய மறுத்தாள். வங்கியின் விதிக்கண்காணிப்பு அதிகாரி திருமதி மர்லீன் காஃப் அவர்களிடம் தானே போய்ச் சொன்னாள். தகவல் திருடுபவர் அப்படிச் செய்யமாட்டார் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். வங்கி ரூயிக்குக் கடிதம் அனுப்பியது: உன் பங்குக் கணக்கை வங்கியின் கண்காணிப்பில் வை, அல்லது வீட்டை விட்டு வெளியேறு.

8. கடிதம் வந்த மறுநாள் காலை, ஒடெத் வேலைக்குக் கிளம்பும்போது அவள் காரின் முன்கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் தலை இருக்க வேண்டிய உயரத்தில் சுத்தியலின் அடிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. ரூயி படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். “யார் செஞ்சாங்கன்னு உங்க சிஸ்டத்துல கேட்டுப் பாருங்க, அண்ணி” என்றான். நான் காவல்துறையை அழைத்தேன். வந்த காவலர் என்னையும் ரூயியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கூடப் பொறந்தவர்தானே? கூப்பிட்டுப் பேசித் தீத்துக்குங்க, சார். கோர்ட்டு கேஸுன்னு போனா உங்களுக்குத்தான் அசிங்கம்” என்றார். பதிவு செய்தார்; நடவடிக்கை எடுக்கவில்லை. அந்தப் பதிவு தங்கள் கோப்பில் இருக்கும்.

9. புத்தாண்டு கழிந்த வாரத்தில் ரூயி மேலே வந்தான். குளித்து, சட்டை மாற்றி, கையில் இனிப்பு ரொட்டி ஒன்றோடு வந்தான். கணக்கை வங்கியின் கண்காணிப்பில் வைத்துவிட்டதாகவும், டெல்மர் பம்ப்ஸ் என்ற நிறுவனத்தின் பங்கை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருக்கப்போவதாகவும், கடைசியாக ஒருமுறை கேட்டுத் தரும்படியும் சொன்னான். ஒடெத் அவன் முன்னால் பதியவில்லை. மறுநாள் திருமதி காஃப் அவர்களிடம் சொல்லி, அவர் சம்மதித்தபின் பதிந்தாள். அனுமதி இல்லை என்று வந்தது. விண்ணப்பம் அவனுடையது, பதிலை அவனிடம் சொல்ல வேண்டும் என்பதும் வங்கியின் விதியே. சாப்பாட்டு மேசையில் என் எதிரில் ஒடெத் சொன்னது இவ்வளவுதான்: “இல்லன்னு வந்திருக்கு, ரூயி. ஏன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்.” ரூயி எழுந்து, குனிந்து, அவள் வலக்கையை எடுத்து முத்தமிட்டான். நல்ல மனத்தோடு ஏற்றுக்கொண்டான் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

10. அவன் உடன் வேலை செய்யும் டெகார்லோ என்பவர் காவல்துறையிடம் அளித்துள்ள வாக்குமூலப்படி, அதே வாரம் ரூயி சேமித்த பணம் முழுவதையும் டெகார்லோவின் கணக்கு வழியாக டெல்மர் பம்ப்ஸ் பங்கில் போட்டான். வங்கியின் கண் அங்கே விழாது என்று நினைத்தான். போதாதென்று தன் படகையும் விற்று அதில் போட்டான். “எதுக்குடா இவ்ளோ அவசரம்னு கேட்டேன். எவனோ பெரிய கை இத வாங்கப்போறான், கதவச் சாத்திட்டாங்க, அதான் அடையாளம்னான்” என்று டெகார்லோ சொல்லியிருக்கிறார்.

11. யாரும் வாங்கவில்லை. பிப்ரவரி 5 திங்கட்கிழமை காலை டெல்மர் பம்ப்ஸ் திவால் மனுத் தாக்கல் செய்தது. பங்கு வெறும் காகிதமாயிற்று. ஒடெத்தின் வங்கி அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்தது. கடன் திரும்பாது என்று தெரிந்தே தன் ஊழியர்கள் அந்தப் பங்கைத் தொடக்கூடாது என்று தடை போட்டிருந்தது. இதை நாங்களும் ஊராரோடு சேர்ந்து செய்தியில்தான் தெரிந்துகொண்டோம். பின்னர் திருமதி காஃப் அவர்களைச் சந்தித்தபோது அவர் சொன்னதைத் தங்கள் முன் வைக்கிறேன்: “அந்தத் தடைப் பட்டியல் வாசல்ல கூட்டம் நிக்குதுன்னு மட்டும்தான் சொல்லும், மிஸ்டர் பின்யெய்ரோ. கல்யாண வீடா, சாவு வீடான்னு சொல்லாது.” என் தம்பி கல்யாண வீடு என்று நினைத்து நுழைந்துவிட்டான்.

12. அன்று பிற்பகல் ஒடெத் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். சமையலறை மேசையில் மடிக்கணினி. பக்கத்தில் ஒரு சிறு தொட்டியில் உப்பு நீக்க ஊறிக்கொண்டிருந்த பக்கல்யாவ் என்னும் உப்பு மீன். நான் மருந்துக்கடையிலிருந்து வந்து தெருக்கதவைத் திறக்கும்போது மேலிருந்து உலோகத்தில் உலோகம் மோதும் சத்தம் கேட்டது. துறைமுகத்தில் கண்டெய்னர்களை இறுக்கக் கை நீளத்தில் ஓர் இரும்புக் கோல் வைத்திருப்பார்கள். ரூயி அதைக் கொண்டு கணினியின் திரையை உடைத்துக்கொண்டிருந்தான். நான் படியேறி முடிப்பதற்குள் அவன் ஒடெத்தின் வலக்கையைப் பிடித்து விசைப்பலகையின் மேல் அழுத்தியிருந்தான். கத்தியது முழுவதும் எனக்குக் கேட்டது: “கேளு! இப்பக் கேளு உன் சிஸ்டத்த! நான் உன்னக் கொல்லலாமா வேணாமான்னு கேளு! வேணாங்குதா? வேணாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்டி!” சொல்லிக்கொண்டே கோலை விரல்கள் மேல் இறக்கினான். அந்தச் சத்தத்தை நான் விவரிக்க முயலவில்லை. மருத்துவ அறிக்கை கூறுவது: மூன்று விரல்களில் எலும்புகள் நொறுங்கியுள்ளன, கணினியின் எழுத்துக் கட்டைகளின் சில்லுகள் சதைக்குள்ளிருந்து எடுக்கப்பட்டன.

13. ஒடெத், “அல்வாரோ” என்று என்னைக் கூப்பிட்டாள். அதற்குத்தான் இரண்டாவது அடி, கோலின் தடித்த முனையால் வாயில். தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. அவள் மேசையோடு சரிந்தாள். தொட்டி கவிழ்ந்து தண்ணீரும் மீனும் இரத்தமும் தரையில் ஒன்றாக ஓடின. நான் அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். அவன் என்னை அடுப்பின் மேல் எறிந்தான். என் விலா எலும்பு முறிந்தது அப்போதுதான். விழுந்தவளை அவன் காலால் மிதித்தான், நிதானமாக, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வார்த்தை சொல்லி: “என், படகு, எங்க, அண்ணி?”

14. நான் அடுப்பிலிருந்த வார்ப்பிரும்புச் சட்டியை எடுத்து அவன் நெற்றியில் அடித்தேன். ஒருமுறை அல்ல. அவன் முழங்காலிட்டு விழுந்தபின்னும் அடித்தேன். எதிர்வீட்டுத் திருமதி ஹல்கியாஸ் உள்ளே ஓடிவந்து என் கையைப் பிடித்து, “போதும் அல்வாரோ, அவன் விழுந்துட்டான், போதும்! போலீஸுக்குச் சொல்லிட்டேன், அவளப் பாரு!” என்று கத்தியபிறகே நிறுத்தினேன். ரூயியின் நெற்றித் தையலைக் காட்டி இது இருபக்கச் சண்டை என்று அவன் வழக்கறிஞர் வாதிடுகிறார். தையல் நான் போட வைத்தது. அதற்கு என்மீது வழக்குப் போடுவதென்றால் போடுங்கள், நான் எதிர்க்கப்போவதில்லை. ஆனால் அவன் கையில் இருந்தது வீட்டுப் பொருள் அல்ல. துறைமுகத்திலிருந்து காரில் எடுத்துவந்து, படியேறிக் கொண்டுவந்த கோல்.

15. சிறையிலிருந்து பிப்ரவரி 25 அன்று அவன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். எல்லா அழைப்புகளும் ஒலிப்பதிவாகும் என்ற அறிவிப்பு முடிந்ததும் சிரித்துக்கொண்டே பேசினான்: “அண்ணே, பூட்டு மாத்திட்டியாமே? அந்தப் படிக்கட்டு எனக்குக் கண்ண மூடிக்கிட்டே தெரியும், பெரியவரே. மூணாவது படி முனகும், அத மட்டும் தாண்டி வெச்சாப் போதும். அவ என்ன சொல்லிக்குடுத்தான்னு வக்கீல்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். இனிமே அவதான் திருடி, நான் சாட்சி. அண்ணிகிட்டச் சொல்லு, மிச்ச விரலப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லு.” இந்த ஒலிப்பதிவைத் தங்கள் அலுவலகத்தில் எவரும் இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அந்த முகவரியோடு ஒரு வரைவு தயாராகியிராது என்று நம்புகிறேன்.

16. அவன் சாட்சியம் பொய் என்பதைக் காட்ட என் சொல் தேவையில்லை. “பெரிய கை ஒண்ணு வாங்கப்போகுதுன்னு அண்ணி சொன்னாங்க” என்பது அவன் எழுதிக் கொடுத்திருப்பது. ஒடெத்துக்கு அந்த இரகசியம் தெரிந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது திவால்தான். வாங்க யாரும் வரப்போவதில்லை என்பதுதான். உள்விஷயம் அறிந்தவள் சொல்லியிருந்தால், தொடாதே, ஓடிப்போ என்று சொல்லியிருப்பாள். அவன் நஷ்டப்பட்டதே அவளுக்கு எதுவும் தெரியாது என்பதற்குச் சாட்சி. தெரியாததைச் சொல்லவில்லை என்பதற்காக அடித்தவனை, தெரிந்ததைச் சொன்னாள் என்று சாட்சி சொல்ல வைத்து வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

17. ஒடெத் இப்போது எங்கள் அறையில் தூங்குவதில்லை. படியைப் பார்த்தபடி கூடத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே கண்ணயர்கிறாள். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டால் கட்டுப்போட்ட கையை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொள்கிறாள். வருபவர் தபால்காரராக இருந்தாலும் சரி. வங்கி விசாரணை முடியும்வரை அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறது. அதைப்பற்றி அவள் புகார் சொல்லவில்லை. விதி என்றால் விதிதான் என்று தட்டிக் காட்டினாள். நேற்று அந்த முகவரியை நான் வந்து சொன்னபோது கைப்பேசியை எடுத்துத் தட்டினாள். பிறகு ஒரே வரி காட்டினாள்: “அவன் வந்தா நீ அவனக் கொன்னுடுவ, இல்லன்னா அவன் என்னக் கொன்னுடுவான். ரெண்டும் வேணாம்.”

18. ஆகவே தங்கள் முன் நான் வைக்கும் வேண்டுகோள்: அந்த உடன்பாட்டில் கையெழுத்திட வேண்டாம். ரூயியின் விடுதலையை எதிர்க்க வேண்டும். எந்தக் காரணத்தாலாவது நீதிபதி விடுவித்தால், டானரி தெருவில் அவன் காலடி படக்கூடாது என்று உத்தரவு கேட்க வேண்டும். வீட்டில் அவனுக்குள்ள பங்கை இன்றைய விலைக்கு வாங்கிக்கொள்ளவோ, முழு வீட்டையும் விற்றுவிடவோ நான் எழுதித் தரத் தயார். பிப்ரவரி 25 ஒலிப்பதிவைத் தாங்களே கேட்க வேண்டும். தடைக்கான காரணம் ஒடெத்தின் பார்வைக்கு வந்ததா என்று திருமதி காஃப் அவர்களிடம் எழுத்தில் பெற வேண்டும். கேட்டால் தருவதாக அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார், இதுவரை யாரும் கேட்கவில்லை.

19. நிலுவையில் உள்ளவை: உடன்பாட்டில் தங்கள் கையெழுத்து, மார்ச் 8 வெள்ளிக்கிழமை. ஒடெத்தின் தாடையைப் பிணைத்திருக்கும் கம்பிகளை எடுப்பது, மார்ச் 14 வியாழக்கிழமை. அறுவை மருத்துவர் நேற்றைய சோதனைக்குப் பின் தேதியை உறுதி செய்தார். விடுதலை மனு மீதான விசாரணை, மார்ச் 18 திங்கட்கிழமை. இந்த வழக்கில் இதுவரை எல்லோரும் பேசியிருக்கிறார்கள்: அடித்தவன், அவன் வழக்கறிஞர், அவன் நண்பர், நான். அடிபட்டவளிடம் ஒரு வாக்குமூலமும் வாங்கப்படவில்லை, அவளால் வாய் திறக்க முடியாது என்ற காரணத்தால். அவளால் பேச முடிகிற நாள் தங்கள் கையெழுத்துக்கு ஆறு நாள் பின்னால் இருக்கிறது. அந்த ஆறு நாளைத்தான் தங்களிடம் கேட்கிறேன்.

நாள்: மார்ச் 6, 2024
இடம்: போர்ட் ஹேவ்லாக்

தங்கள் முடிவை எதிர்நோக்கி,
(ஒப்பம்) அல்வாரோ பின்யெய்ரோ

மேலே உள்ளதைப் படித்து ஒப்புக்கொண்டு, இடக்கையால்:
(ஒப்பம்) ஒடெத் பின்யெய்ரோ